ஒன்றுமே நடக்காத இசை ஏன் உலுக்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெதுவாக நகரும் நவீன ஆர்கெஸ்ட்ரா இசையைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கேட்கக் கொடுப்பது என் பழக்கம். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றி வைத்தார்கள். இரு தரப்பும் எழுப்பிய சந்தேகங்கள் மட்டும் அநேகமாக ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதி அலுத்துப்போய் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

எந்த இசையைப் பற்றிப் பேசுகிறீர்கள்? ஒரு பெயரும் பிடிபடவில்லையே.

இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பெயர் கிடையாது. 20ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதப்பட்டு, வேகத்தையும் ஆரவாரத்தையும் ஒதுக்கிவிட்டு, ஒரே எண்ணத்தில் நெடுநேரம் தங்கியிருக்கும் இசை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டோனியாவின் ஆர்வோ பார்ட், போலந்தின் ஹென்றிக் குரெட்ஸ்கி, ஜப்பானின் தோரு தாகெமிட்சு, அமெரிக்காவின் ஜான் லூதர் ஆடம்ஸ் ஆகியோர் இந்தப் பக்கத்தில் வருவார்கள். இவர்களுக்கு முன்னோடியாக சார்ல்ஸ் ஐவ்ஸும் சாமுவேல் பார்பரும் வருவார்கள்.

இவர்கள் ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்கள் இல்லை. ஒருவருடைய இசையை இன்னொருவர் ரசித்திருப்பாரா என்பதே சந்தேகம். கேட்பவனைத் துரத்தாமல் உட்கார வைப்பது ஒன்றுதான் இவர்களுக்குப் பொது.

எங்கிருந்து தொடங்குவது? பட்டியல் வேண்டாம், ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

பார்ட் 1977இல் எழுதிய 'காண்டுஸ்'. பிரிட்டிஷ் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1976 டிசம்பர் 4 அன்று இறந்தார். அவர் நினைவாக எழுதப்பட்ட இரங்கல் இசை இது. தந்தி வாத்தியங்களும் ஒரே ஒரு மணியும் மட்டும்தான். பெரும்பாலான பதிவுகள் ஆறு, ஏழு நிமிடங்களில் முடிந்துவிடும்.

முதலில் மௌனம். பிறகு மணி மூன்று முறை, தொலைவில் அடிப்பதுபோல. அதன் பிறகு வயலின்கள் உச்சியில் மெல்லத் தொடங்கிக் கீழே இறங்கும். அவ்வளவுதான். வேறெந்த வேலையும் செய்யாமல், இருட்டிய அறையில், ஒரே மூச்சில் கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் நவீன இசையைப் பற்றிய கேள்விக்குத் தாவிவிடுங்கள். உங்களுக்கு வேறு வாசல் இருக்கிறது.

கேட்டேன். முழுக்க ஒரே சுரவரிசை இறங்கிக்கொண்டே இருக்கிறது. இதில் என்ன பெரிய விஷயம்?

நீங்கள் கேட்டது சரி. முழுப் படைப்பும் ஏ மைனர் (மேற்கத்திய இசையில் சோகச் சாயல் கொண்டதாகக் கேட்கும் வகை) சுரவரிசை இறங்குவது மட்டும்தான். ஆனால் இறங்கும் விதத்தைக் கவனியுங்கள். வயலின் முதலில் ஒரு சுரம் வாசிக்கும். மறுபடி மேலிருந்து தொடங்கி இரண்டு சுரம், பிறகு மூன்று, நான்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு படி கூடுதலாக இறங்கும். நடை மட்டும் மாறவே மாறாது: ஒரு நெடில், ஒரு குறில், ஒரு நெடில், ஒரு குறில்.

இதையே இரண்டாம் வயலின்கள் ஒரு ஸ்தாயி கீழே, பாதி வேகத்தில் செய்கின்றன. வியோலா அதிலும் பாதி. செல்லோ அதிலும் பாதி. டபுள் பாஸ் அதிலும் பாதி. கணக்குப் போட்டால் டபுள் பாஸ் முதல் வயலினைவிட 16 மடங்கு மெதுவாக நகர்கிறது. ஐந்து பேர் ஒரே படிக்கட்டில் ஐந்து வேகத்தில் இறங்கும்போது ஒருவரோடொருவர் உரசுகிறார்கள். அந்த உரசலைத்தான் நம் காது துக்கம் என்று புரிந்துகொள்கிறது.

முடிவைத் தவறவிடாதீர்கள். எல்லா வாத்தியங்களும் ஒவ்வொன்றாகத் தங்கள் கடைசிச் சுரத்தை அடைந்து அதிலேயே நின்றுவிடும். அந்த இறுதி ஒலி பலமாக, நெடுநேரம் நீளும். அதற்குள்ளேயே மணி ஒரு முறை மெதுவாக அடிக்கப்படும். அடித்த சத்தம் நமக்குக் கேட்காது. தந்திகள் சட்டென்று நின்றதும் மணியின் ரீங்காரம் மட்டும் காற்றில் தங்கியிருப்பது தெரியவரும். அது எப்போது தொடங்கியது என்று நமக்குத் தெரியாது. இன்னும் கூர்ந்து கேட்டால், அத்தனை நேரம் மைனரில் இருந்த இசைக்கு அந்த ரீங்காரத்தில் மேஜர் சாயல் ஒன்று, மைனரைவிட வெளிச்சமானது, எட்டிப்பார்க்கும். எல்லாப் பதிவிலும் அது தெளிவாகக் கேட்காது. முதன்முதலில் அதைப் பிடித்த அன்று பதிவை நிறுத்தவும் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சோகமான இசையைக் கேட்டால் சோகம்தானே கூட வேண்டும்? ஏன் இதமாக இருக்கிறது?

ஆய்வாளர்களிடையே இதற்கு ஒரே பதில் இல்லை. பலரும் ஏற்கும் ஒரு விளக்கம் உண்டு. நிஜத் துக்கத்தில் ஓர் இழப்பு இருக்கிறது, செய்ய வேண்டிய காரியம் இருக்கிறது, நாளைக்கு என்ன என்ற பயம் இருக்கிறது. இசையில் அவை ஒன்றும் இல்லை. துக்கத்தின் உருவம் மட்டும் வருகிறது, அதன் கடன் வருவதில்லை. டேவிட் ஹியூரன் என்ற இசையியலாளர், அழும்போது உடலைத் தேற்றுவதற்காகச் சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இங்கேயும் காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருதுகோளை முன்வைத்தார். நிரூபணமான உண்மையாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் அனுபவத்தில் இதற்குச் சோகம் என்ற சொல்லே அவ்வளவாகப் பொருந்தவில்லை. 'நெகிழ்ச்சி' பக்கத்தில் வருகிறது. இறுகிக் கிடந்த ஒன்று இளகுவதைத்தானே அந்தச் சொல் குறிக்கிறது?

ஓர் இடத்தில் மயிர்க்கூச்செறிகிறது. என் நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டுமா இப்படி?

உங்களுக்கு மட்டும் இல்லை; ஆனால் எல்லோருக்கும் வருவதும் இல்லை. வராதவரிடம் ரசனைக் குறை ஒன்றும் கிடையாது. 2011இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள், இசையில் சிலிர்ப்படைபவர்களின் மூளையை ஆராய்ந்து, அந்த நேரத்தில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதைக் காட்டினார்கள். உச்ச கணம் வருவதற்கு முன்பு மூளையின் ஒரு பகுதியிலும், உச்சத்தின்போது வேறொரு பகுதியிலும் அது சுரந்தது. அதாவது எதிர்பார்ப்புக்கே தனி இன்பம் இருக்கிறது. மெதுவான இசைக்கு இது பெரிய அனுகூலம். காத்திருக்க வைப்பதற்கு அதற்கு நிறைய நேரம் இருக்கிறது.

அதற்கும் முன்பு, 1991இல், உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா, எந்த இடத்தில் கண்ணீர் வருகிறது என்று இசைப்பிரியர்களிடம் விசாரித்தார். அடிக்கடி சுட்டிக்காட்டப்பட்ட ஓர் உத்தி இது: கீழே ஒலிக்கும் ஹார்மனியோடு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்களோடு, பொருந்தாத ஒரு சுரம் அழுத்தமாக வந்து, ஒரு படி நகர்ந்து, பொருந்தும் சுரத்தில் போய் அமரும். பார்பரின் 'அடாஜியோ'வை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். அந்தச் சுரங்கள் வந்து அமரும்போதெல்லாம் அடக்கி வைத்த மூச்சு மெல்ல வெளியேறுவதுபோல் இருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தூக்கம்தான் வருகிறது.

தூங்குங்கள். குற்றம் ஒன்றுமில்லை. நானும் தூங்கியிருக்கிறேன், டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்.

ஆனால் மனத்தை இளைப்பாற வைக்கும் இசை என்று இதை விற்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மெதுவாக இருப்பதெல்லாம் தாலாட்டு ஆகாது. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு புத்தகம் படித்தால் இந்த இசை சுவர்க் காகிதம்போலப் பின்னால் போய்விடும். சற்றே கூடுதலான ஒலியில், கைக்கு வேறு வேலை கொடுக்காமல் கேளுங்கள். தூக்கம் வருகிற அதே இடத்தில் அமைதியின்மை வருவதைப் பார்ப்பீர்கள்.

குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியில் ஒரு பெண் போலிஷ் மொழியில் பாடுகிறார். ஒரு வார்த்தை புரியாமல் எப்படி உருக முடியும்?

உருகியவர்கள் நிறையப் பேர். 1976இல் எழுதப்பட்ட இந்தச் 'சோகப் பாடல்களின் சிம்பொனி' 1977 ஏப்ரலில் பிரான்ஸின் ருவாயான் நகரில் அரங்கேறியபோது நவீன இசை வட்டாரம் முகம் சுளித்தது. 1992இல் டான் அப்ஷா பாட, டேவிட் ஸின்மன் நடத்திய பதிவு வெளிவந்தது. அது 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, பிரிட்டனில் பாப் ஆல்பங்களும் இடம்பெறும் பொதுப் பட்டியலிலேயே ஆறாம் இடம்வரை ஏறியது. வாங்கியவர்களில் போலிஷ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

முதல் பகுதியில் டபுள் பாஸ்கள் மட்டும், காதுக்கு எட்டியும் எட்டாமலும், ஒரு நீண்ட மெட்டைத் தொடங்கும். அது ஒரு முறை முடிந்ததும் அடுத்த குழு அதே மெட்டோடு மேலே சேரும், பிறகு இன்னொரு குழு. பத்து நிமிடங்களுக்கு மேல் தந்திகள் மட்டுமே அடுக்கடுக்காக எழும். பிறகு அத்தனையும் ஒடுங்கி ஒற்றைச் சுரம் ஒலிக்க, சோப்ரானோ எனப்படும் உச்ச ஸ்தாயிப் பெண் குரல் வரும். அந்தக் குரலுக்காக நாம் காத்திருந்தோம் என்பதே அது வந்த பிறகுதான் தெரியும். மொழி அங்கே இரண்டாம்பட்சம்.

ஆனாலும் சொற்களின் பொருளைத் தெரிந்துகொண்டு ஒரு தடவை கேளுங்கள். முதல் பகுதி, மகனை இழக்கும் மரியாளின் 15ஆம் நூற்றாண்டுப் புலம்பல். இரண்டாவது, போலந்தின் ஸகோபானே ஊரில் கெஸ்டபோ (நாஜி ரகசியப் போலீஸ்) சிறைச் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி 1944இல் கீறி வைத்த வரிகள். தாயிடம் அழாதே என்று கேட்டுக்கொண்டு, விண்ணரசியான மரியாளிடம் வேண்டுகிறாள். மூன்றாவது, கலவரத்தில் கொல்லப்பட்ட மகனின் உடல் கிடைக்காத தாயின் நாட்டுப்பாடல். நம் ஒப்பாரிக்கு வெகு பக்கத்தில் இருப்பது.

கதை தெரிந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அப்படியென்றால் அழ வைத்தது இசையா, கதையா? இது ஏமாற்று இல்லையா?

நல்ல சந்தேகம். இதை வலுப்படுத்தும் உதாரணத்தை நானே தருகிறேன். போலந்தின் பெண்டெரெட்ஸ்கி 1960இல் 52 தந்தி வாத்தியங்களுக்கு ஒரு படைப்பு எழுதினார். அலறல்போல் ஒலிக்கும் அதற்கு முதலில் அவர் வைத்த தலைப்பு '8 நிமிடம் 37 விநாடி' என்ற கால அளவு மட்டுமே. வாசித்துக் கேட்ட பிறகுதான் ஹிரோஷிமாவில் பலியானவர்களுக்கான இரங்கல் என்ற தலைப்பு வந்தது. இன்று யாராலும் ஹிரோஷிமாவை நினைக்காமல் அதைக் கேட்க முடியாது.

எனவே தலைப்புக்கும் கதைக்கும் வலிமை உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஒரு சோதனை செய்யலாம். அதே கதையைச் சாதாரணமான ஓர் இசைக்குச் சொல்லிப் பாருங்கள். கதை ஒட்டாமல் கழன்று விழும். இசை ஒரு பாத்திரத்தைச் செய்து வைக்கிறது, கதை அதை நிரப்புகிறது. கதை தெரியாதவர் தன்னுடைய சொந்த இழப்பால் நிரப்பிக்கொள்கிறார். 'காண்டுஸ்' கேட்டு அழுத பலருக்கு பிரிட்டன் யாரென்றே தெரியாது. அவர்கள் வேறு யாருக்காகவோ அழுதிருக்கிறார்கள். ஏமாற்று என்று இதை எப்படிச் சொல்வது?

நீங்கள் சொன்ன அதே படைப்பை வேறு பதிவில் கேட்டேன். சப்பென்று இருந்தது. ஏன்?

மெதுவான இசை நடத்துபவரின் கையில் எளிதில் கெட்டுப்போகும். மாலரின் ஐந்தாம் சிம்பொனியில் வரும் 'அடாஜியெட்டோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தி வாத்தியங்களுக்கும் ஹார்ப்புக்குமான அந்தப் பகுதியை மெங்கெல்பெர்க் என்ற நடத்துநர் 1926இல் ஏழு நிமிடங்களை ஒட்டி முடித்தார். பின்னால் வந்த சிலர் 11, 12 நிமிடங்கள்வரை இழுத்தார்கள். எழுதப்பட்ட இசைக்குறிப்பு ஒன்றுதான். முதலாமவர் கையில் காதல் கடிதம், பின்னவர்கள் கையில் இறுதிச் சடங்கு.

வேகத்தைத் தவிர, அரங்கின் எதிரொலி முக்கியம். ஒரு சுரம் நின்றதும் அடுத்தது வரும்வரை காற்றில் என்ன மிஞ்சுகிறது என்பதே இந்த இசையில் பாதி. வறண்ட அரங்கில் பதிவு செய்த 'காண்டுஸ்' எலும்புக்கூடுபோல் இருக்கும். வயலின்காரர்களின் நடுக்கமும் முக்கியம்: விரலை அதிகமாக ஆட்டி ஒவ்வொரு சுரத்தையும் உருக வைத்தால் பார்டின் இசை பாகுபோல் பிசுபிசுக்கும். அதை வெறும் வில்லின் ஒலியாக, கோடு இழுத்ததுபோல் வாசிப்பவர்களே எனக்குப் பிடித்தவர்கள்.

நடுவில் இசை நின்றே போகிறது. கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்தேன்.

பழுது இல்லை, அது எழுதப்பட்ட மௌனம். பார்பரின் 'அடாஜியோ' முதலில் 1936இல் நால்வர் வாசிக்கும் படைப்பின் ஒரு பகுதியாக எழுதப்பட்டது. தந்தி ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்த வடிவத்தை 1938 நவம்பரில் டோஸ்கானினி நடத்தினார். எட்டு நிமிட இசையில் பெரும்பகுதி மேலே ஏறுவதற்கே செலவாகிறது. உச்சியில் எல்லா வாத்தியங்களும் கிறீச்சிடும் உயரத்தில் நின்று, சட்டென்று அறுந்துவிடும். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததில்தான் கேட்பவர் உடைகிறார்.

நான் போயிருந்த ஒரு கச்சேரியில் சரியாக அந்த மௌனத்தில் ஒருவர் கைதட்டிவிட்டார். நடத்துநரின் கைகள் இன்னும் தோளுக்கு மேலேயே இருந்தன. முதல் வரிசை வயலின்காரர் வில்லைத் தந்திக்கு ஓர் அங்குலம் மேலே நிறுத்தி வைத்திருந்தார். ஒரே ஒரு ஜோடிக் கைதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த மெல்லிய ஒலிகள் யாருக்கும் சென்று சேரவில்லை. தட்டியவர்மேல் இப்போது கோபமில்லை. அவரால் தாங்க முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு ஒலிகளுக்கு நடுவே உயிருள்ள இடைவெளி உண்டு என்று நம்பியவர் தாகெமிட்சு. ஜப்பானிய அழகியலில் அதற்கு 'மா' என்று பெயர். அவருடைய 'தந்திகளுக்கான ரெக்வியம்' (ரெக்வியம் என்றால் இரங்கல் இசை) 1957இல் வந்தது. அதில் மௌனம் பார்பரின் வெட்டுபோல இருக்காது. ஒலி எப்போது மௌனமானது என்று சொல்ல முடியாதபடி கரைந்துபோகும்.

நவீன இசை என்றால் இரைச்சல்தானே? மெட்டே இல்லாத ஒன்றில் உணர்ச்சி எப்படி இருக்கும்?

பார்ட் பிடிக்காதவர்களுக்கு நான் சொன்ன வேறு வாசல் இதுதான். லிகெட்டியின் 'அட்மாஸ்ஃபியர்' 1961இல் அரங்கேறியது. மெட்டு இல்லை, தாளம் புலப்படாது. டஜன் கணக்கான வாத்தியங்கள் ஆளுக்கொரு சுரத்தை நெருக்கமாகப் பிடித்துக்கொள்ள, மேகம்போன்ற ஒலித்திரள் நிறம் மாறிக்கொண்டே போகும். இங்கே வருவது துக்கம் இல்லை, பிரமிப்பு. கொஞ்சம் பயமும் உண்டு.

அது கடினமாக இருந்தால் ஜான் லூதர் ஆடம்ஸின் 'பிகம் ஓஷன்'. 2013இல் சியாட்டில் சிம்பொனி அரங்கேற்றியது, 2014இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஆர்கெஸ்ட்ராவை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கால அளவில் எழுந்து அடங்கவிடுகிறார். மூன்று அலைகளும் ஒரே நேரத்தில் உயரும் கணங்கள் 42 நிமிடங்களில் அபூர்வமாகவே வரும். வந்தால் நாற்காலி அதிர்வதை முதுகில் உணரலாம். இதைச் செல்போன் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுக் குறை சொல்லாதீர்கள்.

ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒட்டுமா?

பாதி ஒட்டும். பார்டின் முறையில் ஒரு குரல் சுரவரிசையில் நடக்கும், இன்னொரு குரல் ஒரே மூன்று சுரங்களைவிட்டு நகராது. தம்பூராவின் சுருதி பின்னால் நிற்பது பழகியவருக்கு அந்த நிலைத்த தன்மை உடனே பிடிபடும். ஆனால் கமகமோ மனோதர்மமோ எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எல்லாம் எழுதி வைத்தது. அசைவு சுரங்களுக்குள் இல்லை, சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதில் இருக்கிறது.

இவ்வளவு எளிமையான இசையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாமே?

எழுதுகிறார்கள், அதுதான் தொல்லை. ஒரு பியானோ, நான்கு கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்), நிறைய எதிரொலி என்று ஆயிரக்கணக்கில் வந்து குவிகிறது. அவற்றில் பெரும்பாலானவை நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சோகத்தைத் தடவிக் கொடுப்பதோடு சரி.

பார்டின் எளிமை அப்படி வந்ததில்லை. 1960களில் கடினமான நவீன உத்திகளில் எழுதிக்கொண்டிருந்தவர். 1968இல் அவருடைய 'கிரெடோ' சோவியத் அதிகாரிகளின் கோபத்தைச் சம்பாதித்தது. பிறகு பல ஆண்டுகள் ஏறக்குறைய ஒன்றும் வெளியிடாமல், பழைய தேவாலய இசையைப் படித்துக்கொண்டிருந்தார். 1976இல் 'அலினாவுக்காக' என்ற சின்னப் பியானோ துண்டோடுதான் புது முறை பிறந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'டின்டினாபுலி', மணியொலி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதில் எந்தச் சுரத்துக்கு எந்தத் துணைச் சுரம் என்பதற்கு விதி உண்டு. மனம்போன போக்கில் உருக வைக்க அவருக்கே அனுமதி இல்லை. படிக்கட்டு பற்றிய பதிலில் உள்ள கணக்கை மறுபடி பாருங்கள்: கண்ணீர் வரவழைக்கும் அந்த இசை கிட்டத்தட்ட ஒரு வாய்ப்பாடு.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இவர்களில் பலர் பக்திமான்கள். நான் கேட்கலாமா?

கேட்கலாம். பார்ட் கிழக்கு ஆர்த்தடாக்ஸ் நம்பிக்கையாளர், குரெட்ஸ்கி கத்தோலிக்கர். அது அவர்கள் எழுதுவதற்கு வேண்டியிருந்தது. கேட்பதற்கு வாசலில் யாரும் விசாரிப்பதில்லை.

அன்புக்குரிய ஒருவரை இழந்து சில நாட்கள்தான் ஆகின்றன. இப்போது கேட்கலாமா?

இதற்குப் பொது விதி கிடையாது. சிலரை இந்த இசை தாங்கிப் பிடிக்கிறது, சிலரைக் குழிக்குள் தள்ளுகிறது. நான் பார்த்தவரை, முதல் சில வாரங்களில் பலருக்கும் மௌனமோ பழக்கமான பாட்டோதான் உதவுகிறது. முயல்வதென்றால் தனியாக இரவில் 54 நிமிட குரெட்ஸ்கியோடு தொடங்க வேண்டாம். ஏதாவது சின்னதாக, பகலில், பக்கத்து அறையில் ஒருவர் இருக்கும்போது கேளுங்கள். நாள் கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால் இசையை நம்பியிராமல் மருத்துவரைப் பாருங்கள்.

முதல் தடவை அழுதேன். இருபதாவது தடவை ஒன்றுமே வரவில்லை. தீர்ந்துவிட்டதா?

எனக்கும் 'காண்டுஸ்' இரண்டு வருடம் தீர்ந்துபோயிருந்தது. மணிக்கு முன்பே மனம் மணியை அடித்துவிடும். எதிர்பார்ப்பு பற்றிச் சொன்னேனே, அதற்கு அங்கே வேலையில்லாமல் போயிருந்தது. ஒதுக்கி வைத்துவிட்டேன்.

அந்த இடைவெளியில் ஐவ்ஸின் 'பதில் கிடைக்காத கேள்வி'யைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 1908இல் எழுதிய ஆறு நிமிட இசை. தந்திகள் எதையும் பொருட்படுத்தாமல் அடியில் மெல்ல ஓடும். ட்ரம்பெட் ஒரே கேள்வியை ஏழு முறை கேட்கும். புல்லாங்குழல்கள் ஆறு முறை பதில் சொல்லும், ஒவ்வொரு முறையும் கூடுதலான எரிச்சலோடு. ஏழாவது கேள்விக்கு யாரும் வாய் திறப்பதில்லை. தந்திகள் மட்டும் தொடர்ந்து ஓய்ந்துபோகும்.

பிறகு ஒருநாள் 'காண்டுஸ்' பக்கம் திரும்பி வந்தேன். அழுகை வரவில்லை. ஆனால் அதுவரை வயலின்களையே பின்தொடர்ந்து போன காது, அன்று டபுள் பாஸில் போய் நின்றுகொண்டது. மேலே எல்லோரும் படபடவென்று இறங்கிக்கொண்டிருக்க, அது அப்போதுதான் இரண்டாவது படியில் கால் வைத்தது.